அப்பா கட்டிய பதின்மூன்றாவது பூச்சி

வணக்கம் நேயர்களே.

இலங்கை மலையகத்து ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நானோ நம் ஆறுகளில் ஒருநாளும் ஏறி வராத ஒரு ட்ரவுட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கடலுக்குப் போய், பெருத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பும் ட்ரவுட் அது. அதைப் பிடிப்பதற்கான பூச்சியை என் அப்பா நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து கட்டினார். எந்த மீனுக்கு என்று அவருக்குத் தெரியாது.

பூச்சி என்பது அப்பாவின் சொல். துரைமார் 'ஃப்ளை' என்பார்கள். தூண்டில் முள்ளில் புழுவைக் குத்தாமல், நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலவோ குஞ்சு மீன் போலவோ ஒன்றைச் செய்து, அதைத் தண்ணீரில் ஓட விட்டு மீனை ஏமாற்றும் வித்தை. அப்பா துரையின் மீன்கூடையைச் சுமந்து நடந்தவர். பிய்ந்த பூச்சிகளைத் திருத்தித் திருத்திக் கை பழகி, பிறகு புதிதாகவே கட்டத் தொடங்கினார். 1960களின் நடுவில், லீவில் ஊருக்குப் போகவிருந்த ஒரு துரை, வெள்ளி உடம்பும் நீலக் கழுத்தும் உள்ள ஒரு பூச்சியைக் காட்டி, இதே மாதிரி ஒரு டசன் வேண்டும் என்றார்.

அப்பாவிடம் வெள்ளி ஜரிகை இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள் இருந்தது. அதை நகத்தால் நீவி, பிளேடால் நூலளவுக்குக் கீறி, முள்ளின் தண்டில் ஒரு சுற்று மறு சுற்றை மிதிக்காமல் சுற்றினார். அதன்மேல் இடைவெளி விட்டு மெல்லிய கம்பி. அது பழைய வானொலிப் பெட்டியொன்றின் சுருளிலிருந்து வந்தது. (அந்தப் பெட்டி அதன்பின் வாய் திறக்கவில்லை. இந்த நிலையத்தார் மன்னிக்க வேண்டும்.) தேன்மெழுகு தடவிய பட்டுநூலைப் பல்லில் ஒரு நுனி, விரலில் ஒரு நுனியாகப் பிடித்துக்கொண்டு, வாத்தின் விலா இறகை முதுகில் வைத்துக் கட்டினார். கழுத்து நீலத்துக்கு வெள்ளைச் சேவலின் இறகை என் பேனா மையில் ஊறப்போட்டார். மூன்று தரம் தண்ணீரில் விழுந்தால் அந்த நீலம் போய்விடும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். அப்பா பதின்மூன்று கட்டினார். பன்னிரண்டு துரையோடு கப்பலேறின. ஒன்று சிகரெட் டின்னில் தங்கிவிட்டது.

இனி மீனுக்கு வருகிறேன். ஐரோப்பாவின் பிரவுன் ட்ரவுட்டும் கடலுக்குப் போகும் ட்ரவுட்டும் வெவ்வேறு மீன்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ்கூட 1758இல் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வைத்தார். உண்மையில் இரண்டும் ஒரே இனம். ஒரே தாயின் குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கிவிடும், சில கடலுக்குப் போகும். போகிறவை இரண்டு மூன்று வயதில், வசந்தகாலத்தில், உடம்பின் புள்ளிகள் மங்கி வெள்ளியாக மாறும். உப்புத் தண்ணீரைத் தாங்கச் செவுளும் சிறுநீரகமும் வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொள்ளும். பிறகு ஆற்றோடு இறங்கிவிடும். காரணம் இரைதான். குளிர்ந்த, மெலிந்த ஆற்றில் கிடைக்காத தீனி கரையோரக் கடலில் கிடைக்கிறது. போகிறவற்றில் பெண் மீன்களே அதிகம். உடம்பு பெருத்தால்தானே முட்டையும் பெருகும்.

இந்தப் பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1880களில் நுவரெலியாவுக்கு வந்தன. முட்டையை உயிரோடு கடல் கடத்தும் வழியை வெள்ளைக்காரர்கள் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1864இல் 'நோர்ஃபோக்' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, மரப்பெட்டிகளில் ஈரப் பாசி பரப்பி, அதற்குள் முட்டைகளை வைத்து, மேலே ஐஸ் அடுக்கி அனுப்பினார்கள். நுவரெலியாவுக்கு முட்டை வந்த அதே ஆண்டுகளில் நம் பாட்டன்மாரும் கடல் தாண்டி வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். முட்டைக்கு ஐஸ் கிடைத்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பிரவுன் ட்ரவுட் இங்கே சரியாகப் பெருகவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாக இனம்பெருக்கி நிலைத்தது. அந்தச் சமவெளிக்கே உரிய ஒரு சின்ன நன்னீர் இறாலை அது தின்று தீர்ப்பதாக உயிரியலாளர்கள் கவலைப்படுகிறார்கள்; அந்தக் கவலை நியாயமானது. வானவில் ட்ரவுட்டுக்கும் கடலோடும் குலம் உண்டு. பசிபிக் கரை ஆறுகளில் அதை 'ஸ்டீல்ஹெட்' என்பார்கள். அப்படியானால் நம் மீன் ஏன் கடலுக்குப் போவதில்லை?

சமவெளியிலிருந்து இறங்கும் பெலிஹுல் ஓயாவோடு ஒரு ட்ரவுட்டைக் கற்பனையில் இறக்கிப் பாருங்கள். முதலில் பேக்கர் அருவி, 20 மீட்டர் வீழ்ச்சி. அங்கிருந்து மலை சரியச் சரியத் தண்ணீர் சூடாகும். 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே ட்ரவுட்டுக்குச் சோர்வு, 25ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பிறகு வளவை ஆற்றோடு சேர்ந்ததும் சமனலவெவ அணை. அதற்கும் கீழே உடவளவை அணை. எல்லாம் கடந்து அம்பலாந்தோட்டையில் கடலைத் தொட்டால், அங்கே தண்ணீர் 27, 28 பாகை. நம் ட்ரவுட்டுக்குக் கடல் உண்டு, ஆனால் வழியில்லை.

வழி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தென்னமெரிக்காவின் தென்கோடியில் பார்க்கலாம். தியரா டெல் ஃபுவேகோ தீவுக்கு 1935இல் ஜோன் குடோல் என்பவர் சிலியிலிருந்து பிரவுன் ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுபோனார். ஆற்றுக்குத்தான் விட்டார்கள். கீழே குளிர்ந்த கடல் இருந்தது. யாரும் சொல்லித்தராமலே அந்த மீன்கள் கடலுக்குப் போய்த் திரும்பின. இன்று ரியோ கிராண்டே ஆற்றில் நான்கு கிலோ மீனைப் பிடித்தவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பத்து கிலோவைத் தாண்டியவையும் அங்கே உண்டு.

என் மகள் வேல்ஸில் இருக்கிறாள். ஓர் ஆடி மாதம் அவளிடம் போனபோது அப்பாவின் டின்னையும் எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். டின்னைத் திறந்ததும், "இது சூவினுக்கான பூச்சி ஆயிற்றே, உங்களிடம் எப்படி?" என்றார். கடலிலிருந்து திரும்பும் ட்ரவுட்டை அந்த ஊரில் சூவின் என்கிறார்கள். அன்றிரவே டவி ஆற்றுக்கு அழைத்துப் போனார்.

சூவினைப் பகலில் தேடிப் பயனில்லை. ஆழ்மடுவில் மரநிழலுக்குள் கிடக்கும். இருட்டிய பிறகுதான் ஓட்டத்துக்கு வரும். ஒன்பதரை மணிக்கு வெயில் சாய்ந்த பிறகும் அவர் என்னைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. "புல்லின் பச்சை தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிகிறது என்றால், உட்காருங்கள் என்பார். பதினொரு மணிக்குப் பச்சை போய் எல்லாம் சாம்பலாயிற்று. ஆற்றுக்குத் திரும்பிய மீன் அவ்வளவாக இரை தின்பதில்லை. ஆனாலும் ஓட்டத்துக்குக் குறுக்கே வெள்ளியாக ஒன்று நழுவிப் போனால் பாய்கிறது. கடலில் தின்ற குஞ்சு மீனின் நினைவு என்பார் சிலர், வெறும் கோபம் என்பார் சிலர். தபால்காரர் கோபக் கட்சி.

அப்பாவின் பூச்சியை முடிந்தோம். தங்கூசி நூலைச் சிக்காமல் வீச எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அரை இரவு தாண்டியிருக்கும், கோல் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போல் வளைந்தது. இருட்டில் மீன் எகிறி விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தரம், இன்னொரு தரம். பிறகு கோல் நிமிர்ந்துவிட்டது.

சூவினுக்கு வாய் மெத்தென்றிருக்கும், முள் கழன்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவர் டார்ச்சை அடித்தார். முள் கழலவில்லை. ஐம்பது ஆண்டுத் துரு, வளைவில் முறிந்திருந்தது. வாத்து இறகு பாதி போயிருந்தது. நான் நினைத்தபடியே நீலம் கரைந்து, கழுத்து வெள்ளைச் சேவலாகத் திரும்பியிருந்தது. உடம்பில் ஒரு சுற்றும் அவிழவில்லை. அவர் அதை விரலால் தடவி, இவ்வளவு பளபளப்பான ஜரிகை எந்தக் கடையில் என்று கேட்டார். தேயிலைப் பெட்டித் தாள் என்றேன். நம்பவில்லை. மிச்சத்தைக் கேட்டு வாங்கித் தன் தொப்பியில் குத்திக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.