கடைமடையில் இருக்கும் மதகுகள்

அவையோருக்கு வணக்கம்.

இன்று காலை கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஊசிக்கணவாய் ஏலம் போவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது கணவாய் இனம்தான். அதன் உடலில் உள்ள ஒரு நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு தடிமனானது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அதற்குள் மெல்லிய கம்பியைச் செருகி அளந்தார்கள். சோடியம் உள்ளே பாய்கிறது, பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறுகிறது, நரம்பின் துடிப்பு இதுதான் என்று 1952இல் கணக்கோடு எழுதினார்கள்.

அவர்கள் அளந்தது செய்தியை அனுப்பும் ஆக்ஸானை. செய்தியை வாங்கும் கிளைகளான டெண்ட்ரைட்டுகளைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். நமது மூளையில் ஒரே நியூரானின், அதாவது ஒரே நரம்புச் செல்லின், கிளைகளில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்து விழுகின்றன. நுனியில் விழும் செய்தி செல்லுடலுக்கு வந்துசேர வேண்டும்.

வீராணம் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தலைமடையில் நிறைந்து ஓடும் தண்ணீர் கடைமடைக்குப் போவதற்குள் மெலிந்துவிடும். நுனிக்கிளையில் எழும் சிறு மின்னழுத்தமும் வழியெல்லாம் கசிந்து தேய்கிறது. தேய்வதோடு, இழுபட்டு நீண்டும் போகிறது. அதனாலேயே டெண்ட்ரைட் என்பது வெறும் கசிகிற வாய்க்கால் என்று நெடுநாள் பலர் எண்ணியிருந்தார்கள்.

1990களில் நுண்ணிய கண்ணாடிக் குழாயை அந்தக் கிளையின் மேலேயே வைத்து அளக்க முடிந்தபோது அந்த எண்ணம் உடைந்தது. ஆக்ஸானில் பிறந்த துடிப்பு கிளைகளுக்குள்ளும் திரும்பிப் பாய்வதை 1994இல் ஸ்டூவர்ட், சாக்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எலி மூளையில் நினைவுக்கு உதவும் பகுதியான ஹிப்போகேம்பஸில் அது நுனிவரை போவதில்லை. அங்கே ஏ-வகைப் பொட்டாசியம் வாயில்கள், அதாவது செல்லின் சவ்வில் பொட்டாசியத்தை வெளியே விடும் துளைகள், செல்லுடலை விட்டு விலக விலகப் பல மடங்கு பெருகி, துடிப்பை அடக்கிவிடுகின்றன. கடைமடையில்தான் மதகுகள் அதிகம்!

அங்கே பெருகியிருக்கும் இன்னொரு வாயில் எச்.சி.என். என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். மற்ற பல வாயில்கள் மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். இது இறங்கினால் திறக்கும். செல் ஓய்ந்திருக்கும்போதும் இவற்றில் ஒரு பங்கு திறந்தே கிடக்கும். இந்தக் கசிவு வீண் என்றுதான் யாருக்கும் தோன்றும். நுனியில் எழும் சமிக்ஞையை இந்தக் கசிவு பிறந்த இடத்திலேயே குறுக்கிவிடுகிறது. பிறகு வழியில் அது எவ்வளவு இழுபட்டாலும், செல்லுடலை அடையும்போது செல்லுடலுக்கு அருகிலுள்ள கிளையிலிருந்து வந்த சமிக்ஞையின் நீளத்துக்கே வந்து நிற்கிறது. அருகிலிருந்து வந்ததையும் தொலைவிலிருந்து வந்ததையும் நியூரான் ஒரே காலக் கணக்கில் கூட்டிப் பார்க்க முடிகிறது. கசியவிட்டுச் சமன் செய்யும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த மதகுகள் குறைந்தால் என்ன ஆகும்? வலிப்பு உண்டாக்கப்பட்ட எலிகளின் டெண்ட்ரைட்டுகளில் ஏ-வகை வாயில்கள் குறைந்திருப்பதை 2004இல் கண்டார்கள். அடக்க ஆளில்லாமல் கிளைகள் எளிதில் பொங்குகின்றன.

என் தம்பிக்குச் சிறுவயதில் வலிப்பு வரும். தெருவே ஓடிவந்து அவன் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும். அவன் அடங்கிய பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்ப்பேன்; சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருக்கும். அவனுக்கு வலிப்பு நின்றது மருத்துவர் தந்த ஃபெனிடாயின் மாத்திரையால். அந்த மருந்து போய் உட்காருவது நியூரானின் சோடியம் வாயிலுக்குள்.