ஒண்டுமில்லை என்ற சொல்

(வெள்ளவத்தையில் மூத்தோருக்கான மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழைக்குள்ளும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

நான் டொக்டர் இல்லை. 31 வருஷம் ஆஸ்பத்திரிகளில் ஈசிஜி எடுத்தவள். நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, ஆறு ரப்பர் கப்பையும் ஒட்டி, கைகால் நாலிலும் கிளிப் மாட்டி, "கொஞ்ச நேரம் அசையாமல் படுங்கோ, கதைக்காதேங்கோ" என்று சொல்வதுதான் என் வேலை. அந்தக் கட்டிலைச் சுற்றி நான் அதிகம் கேட்ட சொல் எது என்று கேட்டால் உடனே சொல்வேன்: "ஒண்டுமில்லை."

ஐம்பது வயசு மனிசன் ஒருவரைக் கொண்டுவருவார்கள். சேர்ட் முழுக்க வியர்வை, முகம் சாம்பல் நிறம். "ஒண்டுமில்லை பிள்ளை, வாய்வுதான். இவைதான் பயந்து இழுத்துக்கொண்டு வந்திட்டினம்" என்பார். மெஷினில் இருந்து தாள் வரும். கீழே இறங்கவேண்டிய கோடு இறங்காமல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், மாரடைப்பின் கோடு. அதைப் பிடுங்கிக்கொண்டு நான் ஓடுவேன்.

அதே நாள் பின்னேரம் 23 வயசுப் பிள்ளை ஒன்று வரும். கை நடுங்கும், விரல் மடங்கி விறைத்துப்போய் இருக்கும், "அன்ரி, நான் சாகப்போறன்" என்று என் கையை விடாது. தாளில் ஒரு பழுதும் இருக்காது. "ஒண்டுமில்லை, வீட்டை போங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்று கிழமையில் அதே பிள்ளை திரும்ப அதே கட்டிலுக்கு வரும்.

இரண்டு பேருக்கும் அந்தச் சொல் தீங்குதான் செய்தது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இதய நோ எப்படி இருக்கும்? வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் வைத்தியர் 1772இல் வெளியிட்ட விவரத்தை இன்றைக்கும் மாற்றத் தேவையில்லை. நடக்கும்போது, அதுவும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடக்கும்போது நெஞ்சு பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத காலத்தில், ஆட்களிடம் கேட்டுக் கேட்டே அந்த மனிசன் இதைக் கண்டுபிடித்தார்.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டு ஐயா ஒருவர் விடிய மரின் டிரைவில் நடப்பார். நானும் நடப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில், ஒரே லைட் போஸ்டுக்குப் பக்கத்தில் நிற்பார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் நிற்பார், பிறகு நடப்பார். கடல் பிடித்த மனிசன் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தால் இடது கையால் தாடையைத் தடவிக்கொண்டு நிற்கிறார். "என்ன ஐயா?" என்றேன். "ஒண்டுமில்லை. இதிலை வரேக்கை நெஞ்சு கொஞ்சம் இறுகும், பல்லும் உளையும். நிண்டால் சரியாயிடும்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலு மாசமாம். அந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போனார். மூன்று குழாயில் அடைப்பு இருந்தது.

அவர் அதை நோ என்றே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இறுக்கம் என்றார், உளைவு என்றார். நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றின மாதிரி என்பார்கள், பட்டியால் இழுத்துக் கட்டின மாதிரி என்பார்கள். எங்கே என்று கேட்டால் பலர் கையைப் பொத்தி நெஞ்சின் நடுவில் வைப்பார்கள். ஒற்றை விரலால் "இந்த இடத்திலை குத்துது" என்று காட்டுகிறவர்களுக்கும், மூச்சை இழுத்தால் கூடுது, அமத்தினால் நோகுது என்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதயம் காரணமாக இருப்பதில்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். விரலால் காட்டிய ஒருவரின் தாளிலும் நான் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கும், வயசானவர்களுக்கும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்த அடையாளம்கூட இல்லாமல் வரலாம். சீனி நாள்பட்டால் நரம்பு மரத்துப்போகும், நோ தெரியாது. சும்மா இருக்க இளைக்கும், வியர்க்கும், சத்தி வரப் பார்க்கும், முதுகு உளையும், சொல்லத் தெரியாத ஒரு களைப்பு வரும். என் மச்சாளுக்கு அப்படித்தான் வந்தது. பிள்ளைகள் கனடாவில், கணவர் இறந்து ஒரு வருஷம். கொண்டுபோன இடத்தில் அதைக் கேட்டவுடனேயே முடிவு கட்டிவிட்டார்கள்: "தனிய இருக்கிறீங்கள், யோசிக்கிறீங்கள், அதுதான் பதகளிப்பு." வயிற்றுக்கு ஒரு குளிசையும் நித்திரைக்கு ஒரு குளிசையும். ஈசிஜி எடுக்கவில்லை. அடுத்த நாள் இரவு வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த தாளை நான் பார்த்தேன். மச்சாள் உயிரோடு இருக்கிறா. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இரண்டு மாடிப்படிக்கு நடுவில் கதிரை போட்டிருக்கிறோம். அவ உண்மையிலேயே யோசித்துக்கொண்டுதான் இருந்தா. யோசிக்கிறவளுக்கு மாரடைப்பு வராது என்று யார் சொன்னது?

நாங்கள் தெற்காசியர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இலங்கையும் சேர்ந்திருந்த 52 நாட்டு ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது, இன்டர்ஹார்ட் என்று பெயர். அதிலிருந்து தெரியவந்தது, எங்கள் பகுதி ஆட்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு வருஷம் முந்தியே வருகிறது. ஆகவே "இளம் ஆள்தானே" என்று விட்டுவிட முடியாது.

சரி, அந்த 23 வயசுப் பிள்ளைக்கு வருவோம்.

அவளுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. அம்மா போய் இரண்டாம் மாசம். வேலை முடிந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் வருகிறேன், கொள்ளுப்பிட்டியில் ட்ராபிக். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. தொண்டை அடைத்தது. வாயைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி, விரல் நுனியெல்லாம் விறைப்பு, கண் முன்னால் பஸ் எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி. அப்போது எனக்கு 20 வருஷத்துக்கு மேல் சேவை. எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. செத்துப்போகிறேன் என்று நூறு வீதம் நம்பினேன். கண்டக்டர் தம்பிதான் இறக்கி ஓட்டோ பிடித்துத் தந்தார். நான் ஒட்டுகிற அதே கப்பை என்னோடு வேலை செய்கிற பிள்ளை என் நெஞ்சில் ஒட்டினாள்.

உடம்பில் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை பிழையாக மணி அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் ஓடுகிறது, நாங்கள் தெரியாமலே வேக வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அது குறைந்தால் விரலும் வாயும் விறைக்கும், கை மடங்கிக்கொள்ளும், மூளைக்கு இரத்தம் போகிற குழாய் சுருங்கித் தலை சுற்றும். காற்றுக் காணாது என்று இன்னும் மூச்சை இழுப்போம், இன்னும் கூடும். சாதாரணமாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் தானாக இறங்கும். இதில் ஒன்றும் நடிப்பு இல்லை, கற்பனை இல்லை. பானிக் அட்டாக் என்பது அதன் பெயர், திடீரென்று எழும் கடும் பதகளிப்பு.

1871இல் ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற பிலடெல்பியா வைத்தியர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்து வந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார். நெஞ்சு நோ, படபடப்பு, இளைப்பு. ஆனால் பெரும்பாலானவர்களின் இதயத்தில் நோய் எதையும் காணவில்லை. "சிப்பாயின் இதயம்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு எங்கள் ஆட்கள் ஞாபகம் வந்தார்கள். 83 கலவரத்தைக் கண்டவர்கள், 2009இல் போரின் முடிவைக் கண்டவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடைக் கோயிலில் இருந்தவர்கள். கலியாண வீட்டு வெடிச்சத்தத்துக்கே வியர்த்துப்போகிறவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! அவர்களிடம் ஒண்டுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் ஈசிஜியைப் பார்த்த டொக்டர் தம்பி அப்படிச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்து, "அக்கா, உங்கடை இதயம் நல்லா இருக்கு. ஆனா உங்களுக்கு ஒரு வருத்தம் இருக்கு. அதுக்கு மருந்தும் இருக்கு" என்றார். மூன்று வசனம்தான். அன்றைக்கு அழுதேன்.

அப்படியானால் வீட்டில் இருந்துகொண்டு இரண்டையும் பிரித்து அறியலாமா? முதல் தடவை வருகிறபோது அறிய முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். நடக்கும்போது வந்து நின்றால் போகிற இறுக்கம் இதயத்தின் பக்கம் கை காட்டும். சும்மா இருக்கும்போது திடீரென்று பயத்தோடும் விறைப்போடும் எழும்பி இறங்குவது பதகளிப்பின் பக்கம் கை காட்டும். ஆனால் வியர்வை, படபடப்பு, மூச்சுத் திணறல், சாகப்போகிறேன் என்ற எண்ணம் எல்லாம் இரண்டிலும் உண்டு. நெஞ்சு இறுக்கம் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றாலோ, கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 1990ஐ அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் தொடங்கியது, காசு இல்லை. காலி வீதி ட்ராபிக்கில் ஓட்டோவில் வைத்து இதயம் நின்றால் ஓட்டோக்காரரால் என்ன செய்ய முடியும்? இஞ்சித் தண்ணி, சோடா, உள்ளி என்று ஒரு மணித்தியாலத்தைக் கரைக்க வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலத்தில் சாகிறது இதயத் தசை.

போன இடத்தில் முதல் ஈசிஜி நல்லது என்றவுடன் எழும்பி வந்துவிடாதீர்கள். நான் எடுக்கிற தாளில் இருப்பது சுமார் பத்து விநாடி இதயம்தான். மாரடைப்புத் தொடங்கும்போது அது சுத்தமாகவும் இருக்கலாம். இதயத் தசை பழுதுபட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் பரிசோதனையில் தெரியச் சில மணித்தியாலம் எடுக்கும். அதனால்தான் இரண்டாம் தரம் குத்துகிறார்கள். "இருங்கோ" என்றால் இருங்கள்.

படபடப்புப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே அடியில் தொடங்கி, நிமிஷத்துக்கு 150, 180 என்று ஓடி, சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்பது இதயத்தின் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். வந்துபோன பிறகு எடுக்கும் தாளில் அது தெரியாது. இளம் பெண்களுக்கு இதைப் பயம் என்று சொல்லி வருஷக்கணக்காக அனுப்பியதும் உண்டு. அது ஓடும்போதே நாடியை எண்ணி எழுதிக்கொண்டு போங்கள்; 24 மணித்தியாலம் உடம்போடு கட்டிவிடும் ஹோல்டர் மெஷின் கேளுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை, ஆஸ்துமா பம்ப் இவையும் படபடக்க வைக்கும்.

எல்லாம் பார்த்து இதயம் நல்லது என்று தெரிந்த பிறகு திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பதில் பலன் இல்லை. அது தருகிற நிம்மதி ஒரு கிழமைக்குக் காணும். அந்தப் பிள்ளை நாலாம் தரம் வந்தபோது கேட்டேன். முதலில் பஸ்ஸை விட்டாளாம், பிறகு படியை விட்டாளாம், பிறகு வேலையை. நெஞ்சு வேகமாக அடித்தாலே பயமாம். பானிக் ஒரு ஆளின் உலகத்தைச் சுருக்குவது இப்படித்தான். அவளை மனநல கிளினிக்குக்கு அனுப்ப அவளுடைய தாயோடு நான் சண்டையே பிடித்தேன். "பிள்ளைக்கு விசர் எண்டு சொல்லுவினம், கலியாணம் பேசேலாது" என்றா தாய். அந்தத் தாயில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊர் அப்படி. ஆனாலும் விடவில்லை.

மருந்து வேலை செய்ய சில கிழமை எடுத்தது. அதோடு பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகப் பழக்கினார்கள்: முதல் நாள் பஸ்ஸில் ஒரு ஹோல்ட், அடுத்து இரண்டு ஹோல்ட். மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிடக் கூட நேரம் எடுத்து வெளியே விடச் சொல்லிக் கொடுத்தார்கள். கடதாசிப் பையை வாயில் வைக்கிற பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் மாரடைப்பாக இருந்தால் அது ஆளைக் கொன்றுவிடவும் கூடும். கதைக்க ஆள் வேண்டும் என்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

பதகளிப்பு உள்ளவருக்கும் வயசு போகும், கொலஸ்ட்ரோல் கூடும். வழக்கமாக வருகிற மாதிரி இல்லாமல் புதுசாக ஒரு இறுக்கம் வந்தால், பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மாரடைப்பு வந்து தப்பினவர்களுக்கும் பிறகு பானிக் வருவது சாதாரணம். வீட்டில் இருப்பவர்கள் அவர்களை ஏசக்கூடாது.

டொக்டரிடம் போனால் வாய்வு, பயம் என்று நீங்களே பெயர் வைத்துச் சொல்லாமல், எப்போது தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிஷம் நின்றது, எதனால் விட்டது என்று சொல்லுங்கள். ஹெபர்டன் கேட்டதும் இதைத்தான்.

அந்தப் பிள்ளை இப்போது கோட்டையில் வேலை செய்கிறாள். போன மாசம் பம்பலப்பிட்டியில் பஸ்ஸில் கண்டேன். நிற்க இடமில்லாத பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, இப்பவும் சிலநேரம் வாறது. வந்திட்டுப் போகும்" என்றாள்.

முன்வரிசையில் அந்த அம்மா கனநேரமாகக் கை உயர்த்திக்கொண்டு இருக்கிறா. சொல்லுங்கோ அம்மா, உங்களுக்கு எப்ப தொடங்கினது?