சார், எனக்கு முட்டை வந்துடுச்சு

(கணித ஆசிரியர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கண் சொருகுகிற நேரம். கணக்கு வாத்தியாருக்கு இது பழகின கூட்டம்தான்.

என் தப்பு ஒன்றை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வந்தும் கழித்தலில் தடுமாறுகிற பிள்ளைகளுக்காக, ஜூன் மாதம் முழுக்க ஆறாம் வகுப்புக் கணக்குகளைப் பலகையில் எழுதிப் போட்ட ஆள் நான். மீசை அரும்புகிற பையன் முன்னால் '52-இல் 27 போனால்' என்று எழுதினால் அவன் என்ன செய்வான்? தெரிந்தவன் கொட்டாவி விட்டான். தெரியாதவன் தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். யாருக்குத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று. விளையாட்டாக இருக்கட்டுமே என்று மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன். மிட்டாய் தீர்ந்ததுதான் மிச்சம்.

பழைய பாடத்தைப் பழைய பாடமாகவே திருப்பிக் கொடுத்தால் பெரிய பிள்ளைகளுக்கு அவமானம். முதல் பெஞ்சுக்காரனும் பார்த்திராத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். பழையது அதற்குள் ஒளிந்திருக்க வேண்டும். எனக்கு அது காப்ரேகரிடம் கிடைத்தது.

தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார், நம்மைப் போல. அவர் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, 1949-இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அதை அறிவித்தார். நான்கு இலக்க எண் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். அதிலிருந்து அதையே தலைகீழாக அடுக்கிக் கழியுங்கள். வந்த விடையிலும் அப்படியே. ஏழு தடவைக்குள் 6174-இல் போய் நிற்கும். அதற்குமேல் நகராது: 7641-இல் 1467 போனால் மறுபடி 6174-தானே.

வகுப்பில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு சீட்டில் 6174 என்று எழுதி, மடித்து, வகுப்புத் தலைவியின் கையில் கொடுத்தேன். "எல்லோரும் பிறந்த வருஷத்தை எழுதுங்க." பாதிப் பேருக்கு 2009. 9200-இல் 0029 போனால் 9171. பிறகு 9711-இல் 1179 போனால் 8532. பிறகு 8532-இல் 2358 போனால் 6174. மூன்றே கழித்தல். சீட்டைப் பிரித்ததும் வகுப்பு கத்தின கத்தலில் பக்கத்து அறை டீச்சர் எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், எனக்கு முட்டை வந்துடுச்சு."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 9200-இல் 29 போனால் 9229 என்று எழுதியிருந்தான். புரிகிறதா? பூஜ்யத்தில் ஒன்பது போகாது. அதனால் ஒன்பதில் பூஜ்யத்தைக் கழித்துவிட்டான். எங்கே பெரியது இருக்கிறதோ அங்கிருந்து சின்னதைக் கழிப்பது, கடன் வாங்குகிற பேச்சே கிடையாது. அடுத்த வரியில் 9922-இல் 2299. அதே வழியில் போனால் 7777. அடுத்து 7777-இல் 7777 போக முட்டை.

எட்டு வருஷமாக இப்படித்தான் கழித்துக்கொண்டிருந்திருக்கிறான். எத்தனையோ நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கியிருப்பான். குறி போட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பையனுக்கும் அதே 2009, அவனுக்கு 6174. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டார்கள். "டேய், பூஜ்யம் பக்கத்து வீட்டுல கடன் கேக்கணும்டா. அந்த வீட்டுலயும் பூஜ்யம்னா, அதுக்கும் அடுத்த வீடு." நான் முப்பது வருஷமாகச் சொன்ன அதே வாக்கியம்தான். அவன் வாயிலிருந்து வந்தபோது ஏறியது.

மறுநாள் ஒரு சாவியும் கொடுத்தேன். ஒவ்வொரு விடையின் இலக்கங்களையும் கூட்டுங்கள், ஒன்பதால் வகுபடவில்லை என்றால் எங்கோ சறுக்கல். 9229-ஐக் கூட்டினால் 22, அங்கேயே மாட்டிக்கொள்கிறது. "ஏன் ஒன்பது?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இலக்கங்களுக்கு a, b, c, d என்று பெயர் வைத்தால் வித்தியாசம் 999(a−d) + 90(b−c). 999-உம் 90-உம் ஒன்பதால் வகுபடும், அதனால் விடையும் வகுபட்டே ஆக வேண்டும். கழித்தலில் தொடங்கிய வகுப்பு இயற்கணிதத்தில் வந்து நின்றது. ஆறாம் வகுப்புப் பாடம் நடந்ததென்று யாருக்கும் தோன்றவில்லை.

பின்னத்துக்கு வருகிறேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. இந்த விடையைப் பார்க்காத வாத்தியார் இந்த அரங்கில் இருக்க மாட்டார். கடலை மிட்டாய்ப் பாளம் ஒன்றை உடைத்துக் காட்டினேன். "பாதி ஏற்கெனவே உன் கையில் இருக்கு. மேலயும் ஒரு துண்டு தர்றேன். ஐந்தில் இரண்டு பாதிக்குக் குறைச்சலாச்சே, வாங்கினதுல குறைஞ்சு போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கபடி அணியில் ஆடுகிற பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், போன வாரம் ரெண்டு மேட்ச்ல ஒண்ணு ஜெயிச்சோம். இந்த வாரம் மூணுல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே?"

ஆமாம், ஐந்தில் இரண்டுதான். நான் சாக்பீஸோடு நின்றுவிட்டேன். அவள் கணக்கில் இரண்டு முழுமை இருக்கிறது. ஒன்றில் இரண்டு ஆட்டம், இன்னொன்றில் மூன்று. மிட்டாய்க் கணக்கில் பாளம் ஒன்றே ஒன்று. பிள்ளைகள் போடுகிற அந்தத் 'தப்பு' வேறொரு கேள்விக்குச் சரியான விடை. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு, மேலே பெருக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, எதற்குள் பங்கு என்று முதலில் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கபடிக்காரி.

நம் பழைய அளவுகளையும் விட்டுவிடாதீர்கள். மா என்றால் 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள்: 4/80-உம் 1/80-உம் 5/80, அதாவது 1/16. அதற்குப் பெயரே மாகாணி. ஒரு சொல்லுக்குள் ஒரு பின்னக் கூட்டல். காலில் அரை அரைக்கால், 1/8. இதைச் சொன்னதும் "அப்போ அரைக்கால் டவுசர்னா எட்டில் ஒண்ணா சார்?" என்று கேட்பான் ஒருவன். நிச்சயம் கேட்பான். கேட்கட்டும்.

மேசையில் ஆளுக்கொரு தாள் இருக்கிறது. பிறந்த வருஷத்தை எழுதிக்கொள்ளுங்கள். வயதைக் கேட்டு யாரும் வர மாட்டோம். 1977-காரர்களுக்கு ஆறு கழித்தல் ஆகும், கொஞ்சம் பொறுமை வேண்டும். முட்டை வந்தவர்கள் டீ நேரத்தில் மெதுவாக என் காதில் சொல்லுங்கள்.