கரண்டி யார் கையில்?

(சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் நடந்த தொண்டர் கூடுகையில் பேசியது.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆயர் என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார், பின்னால் டீ கொதிக்கிற வாசனையும் வந்துவிட்டது, அதனால் நேரே விஷயத்துக்கே வருகிறேன்.

பாடகர் குழுவில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! குரல் எப்படி, ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவாரா, வீட்டில் நல்ல பேர் உண்டா என்று அத்தனையும் விசாரிக்கிறோம். பந்தி பரிமாறவோ, திருவிருந்தில் திராட்சை ரசம் கொடுக்கிற சின்னக் கப்புகளைக் கழுவவோ ஆள் வேண்டுமென்றால், வராந்தாவில் யார் சும்மா நிற்கிறாரோ அவரைப் பார்த்து "தம்பி, கொஞ்சம் கை கொடுப்பா" என்கிறோம். நான் தப்பு என்று சொல்வது அந்தத் தம்பியை அல்ல, அந்த வேலைக்கு நாம் கொடுக்கிற மதிப்பைத்தான்.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் சபையில் ஆட்கள் பெருகிவிட்டார்கள். அன்றாடம் சாப்பாடு பங்கிடுகிற இடத்தில் கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் மட்டும் விடுபட்டுப் போகிறார்கள், அந்தப் பக்கத்து ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். முதல் சபையிலேயே சாப்பாட்டுச் சண்டை வந்திருக்கிறது, அதை வேதம் மறைக்கவும் இல்லை. அதற்கு அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், ஜெபம் பண்ணி அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். பந்தி விசாரிக்கிற வேலைக்கு ஐயா இவ்வளவும்!

அதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஏழு பேரின் பெயர்ப் பட்டியல்தான். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். இவர்கள் முறுமுறுத்த பக்கத்து ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்வதுண்டு. யாருடைய இலை விட்டுப்போனதோ அவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்! நாமாக இருந்தால் சபையை நிர்வகிக்கிற பாஸ்டரேட் கமிட்டியைக் கூட்டி, "குறைகள் பரிசீலிக்கப்படும்" என்று மினிட்ஸில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருப்போம். (கமிட்டி அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன்தான்.)

விசுவாசம் மனசுக்குள் இருந்தால் போதாதா, இந்த ஓட்டமெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பாரிஸில் 1833இல் பிரெடெரிக் ஓசானம் என்ற கல்லூரி மாணவரை ஏறக்குறைய இதே இடத்தில்தான் மடக்கினார்கள். உங்கள் கத்தோலிக்க சபை ஒரு காலத்தில் நல்லது செய்ததெல்லாம் சரி, இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது என்று விவாத மேடையிலேயே கேட்டுவிட்டார்கள். இருபது வயதுப் பையன், பதிலுக்கு இன்னொரு பேச்சு பேசியிருக்கலாம். அவரும் நண்பர்களும் ஏழைகளின் வீடுகளுக்கே போக ஆரம்பித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. சென்னையில் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இன்றும் அந்தச் சபைக்காரர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். வரவழைத்துக் கொடுப்பதற்கும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். போனால்தான் அந்த வீட்டில் விளக்கு எரிகிறதா, படுக்கையில் யாராவது கிடக்கிறார்களா என்று கண்ணில் படும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் ஊரே தொண்டர் ஆனது. சர்ச், கோயில், மசூதி என்று பாராமல் கதவுகள் திறந்தன. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முடிந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் தண்ணீரும் கொடுக்கிறார்களே, வாங்குகிற கை எந்த மதத்துக் கை என்று யார் பார்க்கிறார்கள்? அதெல்லாம் நமக்கு நன்றாகவே வரும். வராதது சாதாரண ஞாயிற்றுக்கிழமைதான். போட்டோ எடுக்க ஆள் இருக்காது, வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைக்கவும் ஒன்றும் இருக்காது. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் பிரியாணி எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இரண்டு அக்காமார் அந்தச் சின்னக் கண்ணாடிக் கப்புகளை ஒவ்வொன்றாக வெந்நீரில் அலசி, அடியில் ஒட்டிய திராட்சை ரசக் கறையை விரல் நுனியால் தேய்த்து, துணியில் கவிழ்த்து வைக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு தடவையாவது இந்தப் பீடத்திலிருந்து பேர் சொல்லி ஜெபித்திருக்கிறோமா? அதே நடபடிகள் புத்தகத்தில் வருகிற, ஏழைகளுக்கு உதவிய தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியது அவள் தைத்த துணிகளைத்தான், அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் கிடையாது.

சரி, நம்மிடம் விட்டுப்போகிற இலை யாருடையது? கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே எழுந்து போகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ஜார்கண்டிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்கள். தமிழ் புரியாது, ஆனாலும் வருகிறார்கள். போன வருஷம் அறுப்பின் பண்டிகை அசன விருந்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தபோது குழம்பு தீர்ந்து ரசம்தான் மிச்சம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, முதல் பந்தி எப்போது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வருஷம் அவர்களில் நாலு பேரிடம் பரிமாற வரச் சொல்லிக் கேட்டேன், உடனே சரி என்றார்கள். முதல் பந்திக்கே நிற்பார்கள், வாளி அவர்கள் கையில்தான் இருக்கும். நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் கூட நின்று பந்தி முறையைக் காட்டிக் கொடுங்கள், இந்தி தெரிந்தவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் என்னை வந்து பாருங்கள். பேர் எழுதுகிற நோட்டு ஞாயிறு பள்ளி அறையில் இருக்கிறது. சமையல் பொறுப்பு எடுத்திருக்கிற அண்ணனுக்கு ஒரு விண்ணப்பம், அந்தப் பையன்கள் உங்கள் குழம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறார்கள், காரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.