காது வெட்டிய நாய்

வணக்கம் நேயர்களே.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்தால் முதலில் மோப்பம் பிடிப்பது நாங்கள்தான். ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொல்வோம். பாட்டி மணியைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப்போய்க் கட்டி, மேலே ஒரு கோணியைப் போட்டு மூடிவிடுவார். மணி எங்கள் வீட்டு நாய் இல்லை, தெருநாய்தான். ஆனால் வண்டியில் ஏறிய நாய் திரும்பாது என்பது ஊருக்கே தெரியும்.

இப்போதும் வண்டி வருகிறது. ஏறிய நாய் சில நாளில் அதே தெருமுனைக்கு வந்து படுத்துக்கொள்கிறது, காதில் ஒரு சின்ன வெட்டோடு. இந்த மாற்றத்துக்காகப் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய அமைப்பு, சென்னையில் பிறந்த ப்ளூ கிராஸ்.

1959-இல் ஒரு மழைநாள். தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் கேப்டன் சுந்தரம். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானி. லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்த ஜோடி அது! அவர்கள் வீடும் பிள்ளைகளும்தான் முதல் காப்பகம், முதல் ஊழியர்கள். 1964-இல் முறையாகப் பதிவு செய்தார்கள். அப்புறம் கிண்டியில் மருத்துவமனை, அடிபட்ட மாடு, குதிரை, பூனை என்று வேலை பெருகியது.

இரக்கப்பட்டுக் குட்டியைத் தூக்கி வருபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் உட்கார்ந்து கணக்கும் போட்டார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா பல மேடைகளில் சொன்ன கணக்கு இது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-இல். அப்போது நாளுக்கு ஒரு நாய்கூட இல்லை. 1995-இல் நாளுக்கு 135 வரை போயிற்று. நடுவில், எழுபதுகளில், கொன்ற நாய்களின் தோலில் கழுத்தில் கட்டும் டையும் பர்ஸும் செய்து பார்க்கும் அளவுக்குத் தோல் குவிந்ததாம். 135 வருஷம் ஒரு மருந்தைக் கொடுத்து நோய் கூடிக்கொண்டே போனால், மருந்தில்தானே கோளாறு?

கோளாறு எங்கே என்றால், நாய்களுக்கு எல்லை உண்டு. ஒரு தெருவின் குப்பைத்தொட்டிக்கும் டீக்கடைக்கும் இத்தனை நாய் என்று அவையே வகுத்துக்கொள்கின்றன. அந்த நாய்களை அள்ளிக்கொண்டு போனால் இடம் காலி. பக்கத்துத் தெரு நாய் உள்ளே வரும். சண்டை வரும், கடி வரும். சினை சுமப்பது இரண்டே மாதம்தான், ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டி. காலியான இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும்?

அதனால் இவர்கள் அறுபதுகளிலேயே வேறு வழி சொன்னார்கள். பிடி, கருத்தடை செய், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. கருத்தடை ஆன நாய்க்கு அடையாளம்தான் அந்தக் காது வெட்டு. குட்டி போடாத நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், புது நாயை விடாது. 'அனிமல் பர்த் கன்ட்ரோல்' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஏபிசி' என்றார்கள், அரிச்சுவடி மாதிரி எளிது என்று காட்ட. எளிதாவது! மாநகராட்சி கொல்வதை விட்டு இந்த வழிக்கு முழுதாக வந்தது 1996-இல்தான். 2001-இல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. ப்ளூ கிராஸ் தரும் கணக்குப்படி, 1996-இல் சென்னையில் வெறிநாய்க்கடியால் இறந்தவர்கள் 120 பேர். அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அது பூஜ்யத்தைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு பேட்டையில் பத்தில் ஏழு நாய்க்காவது அறுவை நடக்கவேண்டும், அதுவும் விடாமல் நடக்கவேண்டும். நடுவில் விட்டால் இரண்டு வருஷத்தில் பழைய கதைதான்.

"பிடிச்சதை ஏன் சார் இங்கேயே கொண்டுவந்து விடுறீங்க?" இந்தக் கேள்வி வராத தெரு கிடையாது. கடிபட்ட குழந்தையின் தாய் கேட்டால் எனக்குக் கோபம் வராது. எல்லைக் கணக்கை உட்கார்ந்து சொல்வேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் இப்போது நான்கு நாய்கள். மூன்றுக்குக் காது வெட்டியாயிற்று. நான்காவது ஒரு கறுப்புப் பெட்டை. வண்டிச் சத்தம் முனையில் கேட்டதுமே மாயமாகிவிடும். போன வாரம்தான் கண்டுபிடித்தேன், எதிர்வீட்டு அம்மா அதைக் கார் ஷெட்டில் ஒளித்துவைக்கிறார்.