பாலைவனத்தில் மூன்று ஞானத்தந்தையர்

(பினாங்கில், கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பங்குத்தந்தை அவர்களே, கோலாலம்பூரிலிருந்து நமக்காகக் காரோட்டி வந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்தை இலவசமாகத் தந்த நிர்வாகக் குழுவினரே, காலையிலிருந்து சமையல்கட்டில் நிற்கும் மாதர் சபைச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு இன்னொரு கைத்தட்டல் கொடுங்கள். இந்த மழையில் பாலம் கடந்து வந்திருக்கிறார்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.' இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இன்று ஒரு கௌபாய் படத்தை வைத்து ஒரு செய்தி சொல்ல வந்தேன்: வாக்குறுதி.

ஜான் ஃபோர்ட் 1948-ல் எடுத்த 'த்ரீ காட்ஃபாதர்ஸ்'. ஜான் வெய்ன் நடித்தது. பேங்கைக் கொள்ளையடித்த மூன்று பேர் அரிசோனா பாலைவனத்துக்குள் ஓடுகிறார்கள். தண்ணீர் இல்லை. வழியில் ஒரு வண்டிக்குள் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளையைப் பெற்று, இந்த மூவரையும் அதற்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தையராக இருக்கச் சொல்லி, மூவர் பெயரையும் அதற்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது அங்கே கிடைத்த குழந்தை வளர்ப்புப் புத்தகம். இவர்களிடம் இருப்பதோ வண்டி அச்சுக்குப் பூசும் கிரீஸ். அதையே தடவுகிறார்கள். இருவர் வழியிலேயே சாக, மூன்றாமவன் பிள்ளையோடு கிறிஸ்துமஸ் அன்று நியூ ஜெருசலேம் என்ற ஊருக்குப் போய்ச் சேருகிறான்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பெரிது. பிள்ளையை விட்டுக்கொடுத்தால் தண்டனையை நிறுத்தி வைப்பதாக நீதிபதி சொல்கிறார். அவன் முடியாது என்கிறான். ஒரு வருடம் ஒரு நாள் சிறை. பாலனைத் தேடி வந்த ஞானிகள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். இவனிடம் கொடுக்க இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

பட்டர்வொர்த்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுத் தாய் இறந்து, தகப்பனும் எங்கோ போய்விட, கைக்குழந்தையைத் தூக்கி வந்து வளர்த்தார். பள்ளியில் சேர்க்கப் போனால் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அது இல்லை. தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ், ஆஸ்பத்திரி ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். கவுண்டர் கவுண்டராக அந்த உறையைப் பிரித்துக் காட்டுவார். 12 வயதில் கூடப் படித்த பிள்ளைகள் மைகாட் என்ற அடையாள அட்டை எடுக்கப் போன அன்று பையன் வீட்டிலேயே இருந்தான். "ஏம்மா, நான் எந்த ஊரு?" என்று கேட்டானாம். அக்கா சொன்னார்: "நீ என் ஊருடா."

கை தட்டுங்கள், அக்காவுக்குத் தட்டுங்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தவர் அவர். ஆனால் அந்தப் பையனுக்கு வெறும் சோறு போதாது, பத்திரமும் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். தாலி கட்டியாயிற்று என்று திருமணப் பதிவை விட்டுவிடாதீர்கள். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமையைச் சட்டம் தாயை வைத்துத்தான் பார்க்கும். தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

இப்படிப் பத்திரம் இல்லாத ஊரார் பிள்ளை என்று யாராவது நினைவுக்கு வருகிறார்களா? பின்வரிசையில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். படிவம் நிரப்ப நம் இளைஞர்கள் உதவுவார்கள். தேநீருக்குப் போகும் முன் அந்தப் பிள்ளையின் பெயரையும் வீட்டு முகவரியையும் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.