பட்டப்பகலில் ஒரு நள்ளிரவு: ஷேக்ஸ்பியர் ஏன் இன்னும் அலுக்கவில்லை?

[திரையில்: தேம்ஸ் நதிக்கரை. வட்டமான மர அரங்கம், நடுவே திறந்த வானம்.]

லண்டன், 1600 வாக்கில். மதியம் இரண்டு மணி. குளோப் அரங்கின் முற்றத்துக்குக் கூரை கிடையாது. ஒரு பென்னி கொடுத்தவர்கள் மேடையைச் சுற்றி நின்றபடியே பார்க்கிறார்கள். மேடை விளக்கு என்று எதுவும் இல்லை. இந்தப் பகல் வெளிச்சத்தில்தான் 'ஹாம்லெட்' நள்ளிரவில் தொடங்க வேண்டும்.

சரி, இருட்டை எங்கிருந்து கொண்டுவருவது?

ஒரு காவலாளி வந்து, "யார் அங்கே?" என்கிறான். கவனியுங்கள், அவன் காவலில் நிற்பவன் அல்ல. முறை மாற்ற வருகிறவன். நிற்பவன் கேட்க வேண்டியதை வருகிறவன் முந்திக்கொண்டு கேட்கிறான் என்றால், எதிரே நிற்கும் ஆள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. எதற்கோ பயந்துபோயும் இருக்கிறான். "இல்லை, நீ பதில் சொல்" என்கிறான் மற்றவன். மணி பன்னிரண்டு அடித்துவிட்டதாம். கடுங்குளிராம். ஓர் எலிகூட அசையவில்லையாம். பத்துப் பன்னிரண்டு வரிக்குள் வெயில் போய் இரவு வந்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கதைகளுக்காகத்தான் ஷேக்ஸ்பியர் நிலைத்தார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஜூலியஸ் சீசர்' கதை பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடமிருந்து எடுத்தது. லியர் மன்னன் கதையும் ஷேக்ஸ்பியருக்கு முன்பே இருந்தது. ஆனால் இறந்த மகளைக் கையில் ஏந்திய லியர் "இனி ஒருபோதும்" என்பதை ஐந்து முறை சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள். நன்றி, ஐயா" என்கிறாரே, அது ஷேக்ஸ்பியர். நாடகத் தொடக்கத்தில் நாட்டையே பங்குபோட்டவர் இப்போது ஒரு பொத்தானுக்குக் கெஞ்சுகிறார். இதற்கு அரண்மனையும் வேண்டாம், கிரீடமும் வேண்டாம். சொல் போதும்.

சொல் மட்டும் போதும் என்பதால்தான் அது சிறைக்குள்ளும் போனது.

[திரையில்: ராபன் தீவுச் சிறை, தென்னாப்பிரிக்கா.]

1970களில் நிறவெறி அரசின் அரசியல் கைதிகளில் ஒருவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சன்னி வெங்கட்ரத்னம். அவரிடம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுத் தொகுப்பு இருந்தது. அதன் அட்டை முழுக்கத் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டினார். காவலர்களுக்கு அது சாமி புத்தகம். அப்புறம் அதைச் சக கைதிகளிடம் சுற்றுக்கு விட்டு, பிடித்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

1977 டிசம்பர் 16 அன்று நெல்சன் மண்டேலா 'ஜூலியஸ் சீசரில்' கையெழுத்திட்டார். கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள், வீரனுக்கு ஒரே சாவுதான் என்று சீசர் சொல்லும் இடம் அது.

மண்டேலாவின் சக போராளி வால்டர் சிசுலு எடுத்தது 'வெனிஸ் வணிகன்'. ஊரே இழிவாகப் பேசும் யூத வட்டிக்காரன் ஷைலாக், "எல்லாவற்றையும் தோளைக் குலுக்கிப் பொறுத்துக்கொண்டேன், பொறுத்துப்போவதுதான் எங்கள் இனத்தின் அடையாளம்" என்கிறான். அந்த வரிகளின் பக்கத்தில் இருக்கிறது, ஆயுள் தண்டனையில் இருந்த சிசுலுவின் கையெழுத்து.